மழு இருந்த பக்கம்

சங்கரன்கோவிலில் அவரைச் சிலைக்கார டீச்சர் என்றுதான் சொல்வோம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எதிலும் அவர் பாடம் எடுத்ததில்லை. மெட்ராஸில் ஏதோ கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர். வேலையை விட்டுவிட்டு, எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், ஒரு படுக்கையும் நான்கு மரப்பெட்டி நிறையப் புத்தகங்களுமாக ரயிலில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஒன்றும் இல்லை. கல்யாணமே ஆகவில்லையா, ஆகி இல்லாமல் போனதா என்று ஊர் கொஞ்ச நாள் மண்டையை உடைத்துக்கொண்டது. பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது.

தறிக்காரர் ஒருவர் வீட்டு மாடியில் ஒற்றை அறை. கீழே காலையிலிருந்து ராத்திரிவரை விசைத்தறிகள் அடித்துக்கொண்டே இருக்கும். மாடித் தரை அதிரும். அந்த அதிர்வில் மேசையில் இருக்கிற பென்சில் மெல்ல மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். அவர் எழுதிக்கொண்டே இடது கையால் அதை உள்ளே தள்ளிவிடுவார். அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. போனால் நான் புத்தகப் பெட்டிமேல் உட்காருவேன். என்னைத் தவிர அங்கே போய் உட்கார வேறு யாரும் இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், செத்துப்போனவர்களின் பழைய படத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பது என்று பிழைப்பு ஓடியது. ஒரு நாள் டீச்சர் குடையும் தோல்பையுமாக வந்து நின்று, "சிலை எடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"எடுக்கலாம் டீச்சர். அசையாம நிக்கிற கிராக்கி கிடைக்கதே கஷ்டம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஆறரை பஸ்ஸுக்கு வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டி ஒரு கிராமம். பாழடைந்த சின்னக் கோயில், அதன் வெளிச்சுவரில் ஒரு காளி. எட்டு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டோம். நான் ஸ்டாண்டை விரித்துக் கேமராவை ஏற்றினேன். "இருங்க. வெளிச்சம் நேரா அடிக்குது. நேரா அடிச்சா கல்லு தட்டையாயிடும். சாயட்டும்" என்றார். வெளிச்சம் சாய்வதற்குச் சாயங்காலம் நாலரை ஆனது. அதுவரை இரண்டு பேரும் சிலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் நோட்டில் எழுதினார். நான் ஈ ஓட்டினேன். ஒரே ஒரு படம் எடுத்தேன்.

மூட்டை கட்டும்போது என்னைச் சிலைக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார்.

"எத்தனை கை அவளுக்கு?"

"நாலு."

"எட்டு. பார்த்தீங்களா, பார்த்ததா நினைச்சீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. எட்டு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அவரோடு பேசவில்லை. இனி இந்த அம்மாளோடு சங்காத்தமே வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். அடுத்த வாரம் கூப்பிட்டபோது போனேன். பத்து வருஷம் போய்க்கொண்டே இருந்தேன்.

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் மட்டும் கேட்டதில்லை. எல்லோரிடமும் கேட்டார். பக்கத்துத் தெருவில் பாம்பு வந்தது என்று பால்காரி சொன்னால் கேட்பார். இன்னார் குடித்துவிட்டு விழுந்து கிடந்தான் என்று யாராவது சொன்னாலும் கேட்பார். சண்டைக்கு இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். ஆனால் கேட்கப்பட்டவர்களுக்கு அது எப்படித் தெரியும்? வீட்டுக்கார அம்மாள் என்னிடமே புலம்பினாள்: "ஒரு வார்த்தை சொல்ல முடியலய்யா அந்தம்மாகிட்ட. சும்மா பேசிக்கிட்டு இருக்கையில சாட்சி கேக்கா. எங்கன போயி பேச?" மெல்ல மெல்ல யாரும் அவரிடம் பேசுவதில்லை என்று ஆகிவிட்டது. வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. கல்லில் காது ஓரத்துப் பூவைக் கவனிக்கிற கண்ணுக்கு இதுமட்டும் தப்பியிருக்குமா என்று இப்போது தோன்றுகிறது.

அவர் எழுதிக்கொண்டிருந்தது ஒரே புத்தகம். பாதி சிவன், பாதி பெருமாளாக நிற்கிற சங்கரநாராயணர் எங்கள் ஊருக்குச் சொந்தமானவர். அந்த உருவம் தென்பாண்டி நாட்டில் எங்கெங்கே இருக்கிறது, யார் எப்போது செதுக்கினார்கள் என்பதுதான் விஷயம். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு சிலையைக் காலையில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நேரில் பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டார். போட்டோ ஞாபகத்துக்கு மட்டும். "உங்க படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது உங்க கேமரா பார்த்தது. நான் பார்த்ததில்ல" என்பார். எனக்கு ரோஷம் வரும். ஆனால் சரிதானே என்றும் இருக்கும்.

சிலை திருட்டு பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. ஒரு கிராமத்தில் பத்துப் பதினைந்து பேர் கம்போடு வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். "யாரு வே நீரு? சாமிய எதுக்கு அளக்கீரு?" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். டீச்சர் அளவு நாடாவின் ஒரு முனையை அவரிடமே நீட்டி, "இதைக் கொஞ்சம் பாதத்துக்கிட்ட பிடிங்க. வளையக்கூடாது" என்றார். அந்த ஆள் என் சட்டையை விட்டுவிட்டுப் பிடித்தார். அன்று முழுக்க அவர்தான் நாடா பிடித்தார். போகும்போது இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவருடைய கோபத்தைக்கூட டீச்சர் பார்க்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

ஆடித்தபசு அன்று ஊர் கொள்ளாத கூட்டம் வரும். கோமதியம்மனுக்குச் சாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கிற அந்த நேரத்தில் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. சம்சாரிகள் விளைச்சலிலிருந்து நேர்ந்துகொண்டு வீசுகிற வத்தலும் பருத்தியும் சாமிமேல் வந்து விழும். ஒரு வருஷம் கேமராவோடு கூட்டத்தில் மாட்டிக்கொண்ட நான், மூச்சு வாங்கக் கோயிலுக்குள் நுழைந்தேன். பிராகாரம் வெறிச்சென்று கிடந்தது. டீச்சர் தனியாக ஒரு தூணடியில் உட்கார்ந்திருந்தார்.

"காட்சி பார்க்க வரலையா டீச்சர்? ஊரே வெளியிலதான நிக்கி."

"அதான் வந்தேன். இன்னிக்கு ஒரு நாள்தான் இந்தத் தூணை யாரும் மறைக்கமாட்டாங்க."

சொல்லிவிட்டு, நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "கூட்டத்துல எனக்குப் பக்கத்துல யாரு நிக்கிறதுன்னு தெரியமாட்டேங்குது. எல்லாரும் யாராவது ஒருத்தரோட வந்திருக்காங்க." நான் கேமராவைத் துடைத்துக்கொண்டு நின்றேன். வெளியே வேட்டுச் சத்தம் கேட்டது. அவர் மறுபடி தூண் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எட்டாவது வருஷமோ என்னவோ, ஒரு தெப்பக்குளத்துப் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் கட்டிலில் கிடக்க வேண்டும் என்றார்கள். சரியாக அந்த நேரத்தில் ஒரு சேதி வந்தது. இளையரசனேந்தல் போகிற வழியில் ஒரு கிராமத்துக் கோயிலின் சுவர் மாடத்தில் ஒரு சிலை உண்டு. தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் தடவித் தடவி உருவமே தெரியாமல் உருண்டையாகிப்போனது. டீச்சர் அதைப் பல வருஷம் முன்பே பார்த்து, "உள்ளே யாருன்னு தெரியல" என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். கும்பாபிஷேகத்துக்காக இப்போது அதைக் கழுவியிருக்கிறார்கள். சங்கரநாராயணர். மூன்று நாளில் மறுபடி எண்ணெய் ஏறிவிடும்.

டீச்சர் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல் படுத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே, "நீங்க போயிட்டு வாங்க. உங்க கண்ணை நம்புறேன்" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போனேன். வெளிச்சம் சாயும்வரை காத்திருந்துதான் எடுத்தேன். அதுவரை சரி. ஊர் திரும்பினால் முகூர்த்த சீசன். மூன்று கல்யாணப் படம் டார்க் ரூமில் காத்துக் கிடந்தது. டீச்சர் படுத்துக்கொண்டு காத்திருப்பாரே என்று இடையில் செருகி ஒரு பிரிண்ட் போட்டேன். நெகட்டிவுக்கு ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் பளபளப்பு. மங்கல் பக்கம் கீழே பார்க்க வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி விழும். கல்யாணப் படத்தில் அப்படி நடந்தால் உடனே தெரிந்துவிடும், மாப்பிள்ளையின் சட்டைப்பை வலது பக்கம் வந்து நிற்கும். சாமிக்குச் சட்டைப்பை இல்லை. நான் மாற்றி வைத்ததும் எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தப் படத்தை அரை மணி நேரம் பார்த்தார்.

"ஸ்டுடியோக்காரரே, என்ன எடுத்துட்டு வந்திருக்கீங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

சங்கரநாராயணர் என்றால் எங்கேயும் சாமிக்கு வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் பெருமாள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. சிவன் பக்கத்துக் கையில் மழு என்கிற சின்னக் கோடாலி இருக்கும், பெருமாள் பக்கத்துக் கையில் சங்கு இருக்கும். இந்தப் படத்தில் மழு இடப்பக்கம் இருந்தது. முன் கைகள் இரண்டும் உடைந்துபோயிருந்ததால், எது வலது எது இடது என்று காட்டக் கையில் வேறு அடையாளம் இல்லை. "பாருங்க, பூணூலைக்கூட வலத்தோள்ல மாத்திப் போட்டிருக்கான் சிற்பி. தெரியாம செஞ்சதில்ல. பெருமாளுக்கு முதலிடம் கொடுக்கணும்னு யாரோ சொல்லிச் செஞ்சிருக்காங்க. இப்படி ஒண்ணு வேற எங்கயும் இல்ல" என்றார். அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பிறகு என்னைப் பார்த்து, "நேர்லயும் இப்படித்தானே இருந்தது?" என்றார்.

"இப்படியேதான் இருந்துது டீச்சர்" என்றேன்.

அன்று அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பார்த்தீங்களா, பார்த்ததா நினைச்சீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் ஒரு நிமிஷம் யோசித்திருப்பேன்.

படுத்தபடியே கட்டுரை எழுதினார். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் நான் எடுத்த படத்தோடு அது வந்தது. அதற்கப்புறம் அந்த மாடிக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. டெல்லியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்தன. வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டியும் வந்தன. அதுவரை அந்தப் படியேறாத தபால்காரர் வாரம் இரண்டு தடவை ஏறினார். டீச்சர் எனக்கு அவற்றைத் தமிழில் வாசித்துக் காட்டுவார். ஒரு கடிதத்தை இரண்டு தடவை வாசிப்பார். வடக்கே ஒரு பேராசிரியர், தை மாதம் நானே வந்து அந்தச் சிலையைப் பார்க்கிறேன், உங்களோடு பேச வேண்டியது நிறைய இருக்கிறது என்று எழுதியிருந்தார். அடுத்த முறை நான் போனபோது அறையில் இரண்டாவது நாற்காலி ஒன்று இருந்தது. புதிது, பிரம்பு பின்னியது. "வர்றவரைப் பெட்டிமேலயா உட்கார வைக்கிறது?" என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல் இருந்தது. நான் வழக்கம்போல் பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

நானும் அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஸ்டுடியோவில் மாட்டியிருந்தேன். கார்த்திகையில் அந்தக் கிராமத்துப் பூசாரி ஏதோ சோலியாகச் சங்கரன்கோவில் வந்தவர் கடைக்குள் நுழைந்தார். படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு தலையைச் சாய்த்தார்.

"அண்ணாச்சி, சாமிய மாத்தில்லா தொங்கப் போட்டிருக்கீரு."

"என்ன மாத்தி?"

"கோடாலி சாமிக்குச் சோத்தாங்கைப் பக்கம்லா இருக்கும். முப்பது வருசமா எண்ணெ தடவுதேன். என் பெருவிரலு போய் முட்டுத இடம் எனக்குத் தெரியாதா?"

அவர் போனதும் நெகட்டிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மங்கல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மழு சாமிக்கு வலப்பக்கம், எல்லா ஊரிலும் இருக்கிறபடி. கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

ஒரு மாதம் சொல்லவில்லை. அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி பயம். அந்த ஒரு மாதமும் அவர் கடிதம் வாசிக்கக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தை நெருங்கியது. வருகிற பேராசிரியர் கையில் என் படத்தோடு அந்த மாடத்துக்கு எதிரே போய் நிற்பார், பக்கத்தில் டீச்சர் ஊன்றுகோலோடு நிற்பார் என்று நினைத்துப் பார்த்தபோது, அதற்குமேல் தாங்கவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன். கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்த நேரம். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

டீச்சர் நெகட்டிவை வாங்கி ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஒரு மாசம் ஆகுது டீச்சர்."

"ஒரு மாசம்" என்றார். "அதுக்குள்ள நான் ஏழு பேருக்குப் பதில் எழுதிட்டேனே."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புது நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க, ஏன் நிக்கிறீங்க" என்றார். அதில் முதலில் உட்கார்ந்தவன் நான்தான். அழுதுவிட்டேன். அவர் பென்சிலை உள்ளே தள்ளி வைத்தார். தறி ஓடவில்லை, பென்சில் நகரவும் இல்லை.

மறுநாளே வாடகைக் காரில் அந்தக் கிராமத்துக்குப் போனோம். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு காலையில் பார்த்தார், உச்சியில் பார்த்தார், வெளிச்சம் சாயும்வரை இருந்து பார்த்தார். சிலைமேல் மறுபடி எண்ணெய் ஏறியிருந்தது. பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, கையை நீட்டி மழு இருந்த இடத்தைத் தொட்டார்.

"நீங்க சொன்னதுதான் சரி. நல்லா பார்த்திருக்கீங்க" என்றார் பூசாரியிடம்.

"நாங்க எங்கம்மா பாத்தோம். தடவுதோம், அம்புட்டுத்தான்" என்றார் அவர்.

திரும்பி வந்ததும் மறுப்புக் கட்டுரை எழுதினார். தப்பு என்னுடையது, என் பெயரைப் போட்டு எழுதுங்கள் என்று மன்றாடினேன். "படத்தைத் திருப்பினது நீங்க. பார்க்காம எழுதினது நான்" என்று சொல்லிவிட்டார். அது அச்சில் வந்தபோது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னேன். கடைசி வரிகள் இப்படி இருந்தன: பூணூல் மாறிக் கிடப்பதைக் கண்டபோதே படம் திரும்பியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றாதபடி நானே பார்த்துக்கொண்டேன்.

பேராசிரியர் வரவில்லை. வர இயலாது என்று ஒரு கார்டு வந்தது. பிறகு கார்டும் இல்லை. தபால்காரர் மறுபடி படியேறாத ஆளாகிவிட்டார். டீச்சர் முன்பு முடித்து வைத்திருந்த சிலைகளை எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். எதை எதை நம்பி எழுதினோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கால் இழுத்து இழுத்து நடந்தார். நான் கூடப் போனேன். நடுவில் நிறுத்திக்கொள்ளலாமே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, புத்தகம் முடியாமலே, ஒரு நாள் காலையில் பால்காரி கதவைத் தட்டத் தட்டத் திறக்கவில்லை. மெட்ராஸிலிருந்து தம்பி மகன் வந்தான். காரியங்கள் முடிந்ததும் ஸ்டுடியோவுக்கு வந்து, மாலை போடுகிற மாதிரி அத்தையின் படம் ஒன்று இருக்கிறதா என்று கேட்டான்.

நூற்றுக்கணக்கான நெகட்டிவில் டீச்சர் இருக்கிறார். சிலையின் உயரம் தெரிவதற்காகப் பக்கத்தில் நிற்பார். ஆனால் முகம் வேண்டாம் என்பார். எல்லாவற்றிலும் தோளும் அளவுகோல் பிடித்த கையும்தான். தேடித் தேடி ஒன்று கிடைத்தது. வெளிச்சம் வந்துவிட்டதா என்று முகத்தைத் திருப்பி வானத்தைப் பார்க்கிறபோது நான் அவசரப்பட்டு அழுத்தியது.

டார்க் ரூமில் நெகட்டிவை வைக்குமுன் கை நின்றது. டீச்சருக்குக் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு, மிளகு அளவில். இடது கன்னம். எனக்கு நன்றாகத் தெரியும். மங்கல் பக்கம் கீழே வைத்து விளக்கைப் போட்டேன். மச்சம் வலது கன்னத்தில் விழுந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நெகட்டிவ் சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கார அம்மாளிடம் போய்க் கேட்டேன். "இந்தப் பக்கம்லா" என்று தன் இடது கன்னத்தைத் தொட்டாள். பிறகு கையை எடுத்து வலது கன்னத்துக்குக் கொண்டுபோனாள். "நெசமாத் தெரியலயே அண்ணாச்சி" என்றாள். பால்காரி, "மச்சமா? அந்தம்மாவுக்கு மச்சம் உண்டுமா?" என்றாள். தம்பி மகனிடம் கேட்டேன். அவன், "அத்தையை நான் பார்த்தே பதினஞ்சு வருஷம் இருக்கும் சார். உங்களுக்குத்தான் தெரியணும்" என்றான்.

வலது கன்னத்தில் மச்சத்தோடு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவன் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலுக்குப் போனான்.

ஒரு பிரதி என் ஸ்டுடியோவிலும் மாட்டியிருக்கிறேன், சங்கரநாராயணர் இருந்த அதே ஆணியில். கடையைப் பூட்டுமுன் சில நாள் அதற்கு முதுகு காட்டி நின்று, டீச்சருக்கு மச்சம் எந்தப் பக்கம் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். இன்றைக்கும் முதலில் இடது என்றுதான் வாயில் வருகிறது. அப்புறம் திரும்பிப் பார்க்கிறேன்.